சவரிமுத்து அண்ணனின் வாய்ப்புண்

'ரெசிஸ்டன்ட்' என்ற சொல் இப்போது உங்கள் வாயில் வெகு சுலபமாக வருகிறது. போன மாதம் கூலிமில், ஆஸ்பத்திரி வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களோடு உட்கார்ந்து தேநீர் குடித்தேன் அல்லவா, அந்த ஒரு மணி நேரத்தில் ஏழெட்டுத் தடவை அது வந்து போனது. யாரோ ஒரு நோயாளிக்குப் பூஞ்சைத் தொற்று திரும்பத் திரும்ப வருகிறதாம். "மருந்து கேட்கல சார், ரெசிஸ்டன்ட்டாத்தான் இருக்கும்" என்று உங்களில் ஒருவர் சொன்னார், மற்றவர்கள் தலையாட்டினீர்கள். நான் வாயைத் திறக்கவில்லை. வீட்டுக்கு வந்த பிறகுதான் வயிற்றெரிச்சல் தாங்கவில்லை. உங்கள் மேல் இல்லை. ஒரு காலத்தில் இதே சொல்லை இதே தோரணையில் சொல்லிக்கொண்டு திரிந்த என் மேல்தான்.

பூஞ்சை மருந்துக்கு மசியாமல் போவது உண்டு. உங்கள் காலத்தில் அது அதிகமாகியும் இருக்கிறது. அதை இல்லையென்று சொல்ல நான் வரவில்லை. அந்த முடிவுக்கு நான் எவ்வளவு சீக்கிரம் போனேன், அதனால் ஒரு மனிதர் என்ன பாடு பட்டார் என்பதை மட்டும் சொல்கிறேன்.

சுங்கை லாலாங் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் டிரசராக இருந்தேன். இன்றைய பிள்ளைகளுக்கு டிரசர் என்றால் தெரியாது. எட்டுக் கட்டில் போட்ட தோட்ட ஆஸ்பத்திரிக்கு நாங்கள்தான் எல்லாம். பெரிய டாக்டர் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை காரில் வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார். மற்ற நாட்களில் காய்ச்சல், வெட்டுக்காயம், பாம்புக்கடி, புருஷன் பெண்டாட்டி சண்டை எல்லாம் நம் தலையில்தான். பூஞ்சைக்கும் பஞ்சமே இல்லை. ஈரத்தில் நாள் முழுக்க நிற்பவர்களின் கால் இடுக்கு, ரப்பர் பால் கொட்டகையில் கை நனைப்பவர்களின் நகக்கண், கைக்குழந்தைகளின் வாய் என்று தினமும் பார்ப்பதுதான். அதனால் அதில் நான் கெட்டிக்காரன் என்று எனக்கே ஒரு நினைப்பு.

எண்பதுகளின் நடுவில் ஒருநாள் சவரிமுத்து அண்ணன் வந்தார். பேராக் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து மாறி வந்து ஆறு வருஷம் ஆகியிருந்தது. பால் மரம் வெட்டுகிறவர், அதாவது ரப்பர் மரப்பட்டையைக் கீறிப் பால் எடுப்பவர். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பாட்டுக்கு முதல் குரல் அவருடையதுதான். எனக்கு மதம் வேறு என்றாலும், அவர் பாடினால் ஆஸ்பத்திரி வாசலில் நின்று கேட்பேன். முதல் மனைவி இறந்த பிறகு, இங்கே வந்த புதிதில், லூனாஸ் பக்கத்திலிருந்து புஷ்பம் என்ற பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டார். அவரைவிடப் பதினைந்து வயதாவது இளையவர். இருவரும் பக்கத்துப் பக்கத்து நிரையில் மரம் வெட்டுவார்கள், ஒன்றாகவே வருவார்கள், ஒன்றாகவே போவார்கள்.

அன்றும் இருவருமாகத்தான் வந்தார்கள். அண்ணனுக்கு வாயின் இரண்டு ஓரமும் வெடித்திருந்தது. நாக்கு சிவந்து, தயிர்த் துணுக்கு மாதிரி வெள்ளை ஒட்டியிருந்தது.

"சாப்பிடவே முடியல லா ஐயா. தண்ணி குடிச்சாக்கூட எரியுது" என்றார்.

டார்ச் அடித்துப் பார்க்கப் போனேன். அவர் வாயை அரைகுறையாகத் திறந்துவிட்டு, கண்ணால் மனைவியைக் காட்டினார். புஷ்பத்தை வெளியே பெஞ்சில் உட்காரச் சொல்லிக் கதவைச் சாத்தினேன். அப்போதுதான் என் கையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"ஐயா, இது அவளுக்குத் தெரியாது. தெரிஞ்சிச்சுன்னா நான் செத்தேன்."

சொல்லிவிட்டுப் பல் செட்டைக் கழற்றிக் கையில் வைத்தார். மேலும் கீழும் முழு செட். மேல்தகடு இருந்த இடம் முழுவதும், அந்தத் தகட்டின் அச்சிலேயே, ரத்தச் சிவப்பாகப் புண்ணாகி இருந்தது. ஈறு கெட்டுப்போய்ப் பல்லெல்லாம் பிடுங்கியது பேராக்கில் இருந்தபோதே. பெண் பார்க்கப் போவதற்கு முன்னால் சுங்கைப்பட்டாணியில் ஒரு சீனரிடம் செட் கட்டிக்கொண்டாராம். பெண் வீட்டில் வயதைப் பத்து குறைத்துச் சொல்லியிருந்தார்கள். "இந்தப் பல்லப் பாத்துத்தான் ஐயா நம்புனாங்க" என்றார்.

நான் சிரிக்கவில்லை. உங்கள் ரகசியம் என்னோடு போகும் என்று வாக்குக் கொடுத்தேன். கொடுத்த வாக்கைக் காப்பாற்றுவதில் எனக்கு எப்போதும் ஒரு கர்வம் உண்டு.

மூத்திரத்தில் சர்க்கரை பார்த்தேன், இல்லை. எடை, ரத்தச்சோகை, சுருட்டுப் பழக்கம் எல்லாம் விசாரித்தேன். ஊதா மருந்து தடவலாம் என்றால், உதடெல்லாம் ஊதாவாகி எப்படிக் கோயிலில் நின்று பாடுவேன் என்று மறுத்துவிட்டார். சரி என்று பூஞ்சைக்கான நிஸ்டாட்டின் சொட்டு மருந்து கொடுத்தேன். பத்து நாளில் வெள்ளை போய்விட்டது. அடுத்த மாதமே திரும்ப வந்தது. மறுபடி சொட்டு, மறுபடி குணம், மறுபடி புண். நாலு தடவை இப்படி ஆயிற்று.

ஒவ்வொரு தடவையும் இதே சடங்குதான். புஷ்பம் பெஞ்சில். கதவு சாத்தப்படும். அண்ணன் செட்டைக் கழற்றித் தட்டில் வைப்பார், நான் பார்ப்பேன், அவர் திரும்ப மாட்டிக்கொள்வார், கதவு திறக்கும். என் முன்னால் அவ்வளவு சர்வ சாதாரணமாகக் கழற்றிய மனிதர், வீட்டிலும் கழற்றுவார் என்றே நான் எடுத்துக்கொண்டேன். எடுத்துக்கொண்டேன் என்றுகூடச் சொல்ல முடியாது. அந்தக் கேள்வியே எனக்கு வரவில்லை. ரகசியத்தை நான் காப்பாற்றுகிறேன் என்ற பெருமையில், அதை அவர் வீட்டில் எப்படிக் காப்பாற்றுகிறார் என்று யோசிக்க மறந்துவிட்டேன்.

யோசிக்க வேறு விஷயம் கிடைத்திருந்தது. பெரிய டாக்டர் படித்துவிட்டுப் போட்டுப் போகும் மருத்துவப் பத்திரிகைகளை நான் விடமாட்டேன். அதில் ஒன்றில், வழக்கமான மருந்துக்குப் பணியாத பூஞ்சை பற்றி இருந்தது. படித்ததும் எனக்குள் ஒரு குதூகலம். என் தோட்டத்தில், என் எட்டுக் கட்டில் ஆஸ்பத்திரியில், அப்படி ஒன்றை நான் கண்டுபிடித்துவிட்டேன்! வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த மனிதர் சோறு இறங்காமல் இளைத்துக்கொண்டிருந்தபோது எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாக இருந்தது.

பெரிய டாக்டர் வந்த அன்று விஷயத்தைச் சொன்னேன். அப்போது பூஞ்சைக்குப் புதிதாக வந்திருந்த கீட்டோகோனசோல் மாத்திரையைக் கேட்டேன். "நிச்சயமா தெரியுமா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். "நாலு கோர்ஸ் கொடுத்தாச்சு சார், ரெசிஸ்டன்ட்" என்றேன். என் வார்த்தையை நம்பி எழுதிக் கொடுத்தார். கல்லீரலைக் கவனிக்கவேண்டும், இரண்டு வாரத்தில் ரத்தம் எடுத்து அனுப்பு என்றும் சொன்னார். இரண்டு வாரத்தில் வாய் பூப்போல ஆகிவிட்டது. அண்ணன் மீன் குழம்பும் சோறும் சாப்பிட்டேன் என்று சொல்லிக் கும்பிட்டார். இவ்வளவு நன்றாக இருக்கிறவருக்கு ரத்தம் எடுப்பானேன் என்று அடுத்த வாரத்துக்குத் தள்ளினேன். பிறகு அதற்கடுத்த வாரத்துக்கு.

நாலாவது வாரம், காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு முடிந்து கொஞ்ச நேரத்தில், புஷ்பம் தனியாக வந்தார். அவர் தனியாக வந்து நான் பார்த்ததே இல்லை.

"ஐயா, மூணு நாளா அவருக்குச் சோத்தக் கண்டாலே வாந்தி. மூத்திரம் கோப்பி மாதிரி போவுது. இன்னிக்கி வேலைக்கும் எந்திரிக்கல."

அவர்கள் குடியிருந்த லயத்துக்கு ஓடினேன். அண்ணனை வாசல் வெளிச்சத்துக்குக் கூட்டிவந்து கண் இமையை இழுத்துப் பார்த்தேன். மஞ்சள். மாத்திரைப் பையைக் கேட்டு வாங்கி என் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, தோட்டத்து வேனை எடுக்கச் சொன்னேன்.

சுங்கைப்பட்டாணிக்குப் போகும் வழியெல்லாம் அண்ணன் கண்ணை மூடி ஜெபம் சொல்லிக்கொண்டே வந்தார். புஷ்பம் என்னைப் பார்த்து, "மஞ்சக்காமால எதுனால ஐயா? தண்ணியா?" என்று கேட்டார். தண்ணீர் என்று சொல்லியிருக்கலாம். தோட்டத்துத் தண்ணீரைக் குறை சொன்னால் யாரும் மறுக்கப் போவதில்லை. நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அவர் முகத்தைப் பார்த்த பிறகு முடியவில்லை.

"நான் குடுத்த மாத்திரையா இருக்கலாம்மா. ரத்தம் எடுத்துப் பாத்திருக்கணும். நான் பாக்கல."

புஷ்பம் புருஷன் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டார்.

ஆஸ்பத்திரியில் ஒரு இளம் டாக்டரம்மா இருந்தார். பினாங்குப் பெண். என்னைவிடப் பத்து வயதாவது சின்னவர். மாத்திரைப் பையை அவர் மேசையில் வைத்து, நான் என்ன செய்தேன், எதைச் செய்யாமல் விட்டேன் என்று ஒன்று விடாமல் சொன்னேன். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. மாத்திரையை நிறுத்தி, ரத்தத்துக்கு அனுப்பி, வார்டில் சேர்த்தார். பிறகு அண்ணனின் வாயைப் பார்த்துவிட்டு என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டார்.

"நைட்ல பல்லக் கழட்டிட்டுத்தானே தூங்குறாரு?"

"ஆமா டாக்டர்."

"அவரு சொன்னாரா? இல்ல, நீங்களா சொல்றீங்களா?"

எனக்குச் சுருக்கென்றது. நேற்று வந்த பெண் என்னைக் குறுக்கு விசாரணை செய்வதா என்று கோபம்கூட வந்தது. அந்தக் கோபத்தோடுதான் கட்டிலுக்குப் போய் அண்ணனைக் கேட்டேன். அவர் பக்கத்தில் புஷ்பம் இல்லை என்று பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்.

"கல்யாணம் ஆன நாள்லேருந்து கழட்டுனது இல்ல ஐயா. வாயிலயே வெச்சு பிரஷ் பண்ணிக்குவேன். ஒங்க ரூம்புலதான் கழட்டுறது."

ஆறு வருஷம். என் சொட்டு மருந்தும் அந்தத் தகட்டின் மேல்தான் விழுந்து வழிந்திருக்கிறது. அடியில் எதுவும் போய்ச் சேரவில்லை.

திரும்பிப் போய் டாக்டரம்மாவிடம் சொன்னபோது என் குரல் எனக்கே கேட்கவில்லை. அவர் ரொம்பச் சாதாரணமாகச் சொன்னார்: "குளிச்சிட்டு அதே அழுக்குச் சட்டையத் திரும்பத் திரும்பப் போட்டா எப்படி? பூஞ்சை அந்த செட்டுலதான் குடியிருக்கு. மருந்து மேல தப்பு இல்ல." இனி அந்த மாத்திரையை அவர் ஆயுசுக்கும் தொடக்கூடாது என்றார். பழைய செட்டை மாற்றவேண்டும், புதிய செட்டை ராத்திரியில் கழற்றி ஊறவைக்கவேண்டும், பழைய சொட்டு மருந்தே போதும். அவ்வளவுதான் வைத்தியம்.

அந்த வைத்தியத்துக்கு அண்ணன் சம்மதிக்கவில்லை. முதல் ரத்தப் பரிசோதனை மோசமாக வந்திருந்தது. நல்ல சாப்பாடு உள்ளே போகவேண்டும், போக வாய் ஆறவேண்டும். மாத்திரையை நிறுத்தியதும் வாய் ஓரம் மறுபடி வெடிக்கத் தொடங்கிவிட்டது. இத்தனையையும் எடுத்துச் சொன்னேன். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

"அவ முன்னால பொக்க வாயோட படுக்கச் சொல்றீங்களா? புண்ணு இருந்துட்டுப் போவட்டும். விட்டுடுங்க."

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. நான் ஆஸ்பத்திரியில் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன், வலிக்குப் பயப்படாதவர்கள் வெட்கத்துக்குப் பயப்படுவார்கள். புஷ்பத்திடம் நானே சொல்லிவிடலாமா என்று இரண்டு நாள் தவித்தேன். கொடுத்த வாக்கை மீற மனம் வரவில்லை. மீறினால் அவர் மருந்தை மட்டுமா, சாப்பாட்டையும் விட்டுவிடுவார். கடைசியில் எனக்கு ஒரு யோசனை தோன்றியது. அதை உங்களுக்குச் சிபாரிசு செய்யவில்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

"அண்ணே, பல்லெல்லாம் இங்கதான் புடுங்குனாங்கன்னு சொல்லிட்டா?"

மெல்லத் திரும்பினார். மஞ்சள் பாய்ந்த கண்ணில் கொஞ்சம் உயிர் வந்தது. "நம்புவாளா ஐயா?"

"நான் சொன்னா நம்புவாங்க."

அன்று மத்தியானமே லயத்துக்குப் போனேன். புஷ்பம் மரம் வெட்டி, பாலைக் கொட்டகையில் ஊற்றிவிட்டு வந்து, ஆஸ்பத்திரிக்குக் கஞ்சி எடுத்துப் போகத் தயாராகிக்கொண்டிருந்தார். நாற்காலியைப் போட்டார். நான் உட்கார்ந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, வழியெல்லாம் மனப்பாடம் செய்து வந்ததை ஒப்பித்தேன். மஞ்சள் காமாலை முற்றினால் ஈறு கெட்டுவிடும். அண்ணனுக்குப் பல்லெல்லாம் ஆடிப்போய்விட்டது. வைத்திருந்தால் உயிருக்கு ஆபத்து. அதனால் டாக்டர் எல்லாவற்றையும் எடுத்துவிட்டார். இனிமேல் செட்தான் போடவேண்டும், ராத்திரியில் அதைக் கழற்றி வைக்கவேண்டும். மருத்துவத்தில் இல்லாத ஒரு புது நோயையே உண்டாக்கிவிட்டேன்.

புஷ்பம் தலை குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

"எல்லாத்தையுமா ஐயா?"

"எல்லாம்."

"ஒரே நாள்லயா?"

"ஒரே நாள்ல."

எழுந்து உள்ளே போனார். அழுகிறார் என்று நினைத்து நான் சங்கடத்தோடு உட்கார்ந்திருந்தேன். திரும்பி வந்தபோது கையில் ஒரு மூடி போட்ட குவளை. நீலப் பூப்போட்ட எனாமல் குவளை, கடைக்காரன் ஒட்டிய விலைச்சீட்டுகூட அப்படியே இருந்தது.

"கல்யாணமான மொத மாசமே கூலிம் பாசார்ல வாங்குனது. அவரு தூங்குறப்ப மேல் பல்லு தொப்புன்னு கீழ எறங்கும், அப்புறம் தானா மேல ஒட்டிக்கும். பக்கத்துல படுத்துருக்கேன், எனக்குக் கண்ணு தெரியாதா? அவராச் சொல்லட்டும், அன்னிக்கு எடுத்துக் குடுக்கலாம்னு வெச்சிருந்தேன். ஆறு வருஷமாச் சொல்லல."

எனக்குக் காது மடல் சூடாகிவிட்டது.

"நான் கேட்டா அவரு கூசிப் போயிருவாரு, அதான் கேக்கல. நீங்க ஒவ்வொரு வாட்டியும் என்னைய வெளிய ஒக்கார வெச்சிக் கதவ சாத்துனீங்களே. எத்தன வாட்டி! ஒரு வாட்டியாச்சும் அவருகிட்ட, 'பொண்டாட்டிய உள்ள கூப்புடவா'ன்னு கேட்டீங்களா?"

கேட்கவில்லை. ஒருமுறைகூடக் கேட்கவில்லை. அவர் வேண்டாம் என்றே சொல்லியிருக்கலாம். ஆனால் கேட்டிருந்தால், ஏன் வேண்டாம், வீட்டில் எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்று அடுத்த கேள்வி தானாக வந்திருக்கும். நோயாளி உங்களிடம் ஒரு ரகசியத்தைக் கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள், காப்பாற்றுங்கள். அதைக் காப்பாற்ற அவர் வீட்டில் என்னென்ன செய்கிறார் என்பதையும் அன்றைக்கே கேட்டுவிடுங்கள். மருந்து தோற்றுப்போகும்போது, பூஞ்சையைச் சந்தேகப்படுவதற்கு முன் உங்களைச் சந்தேகப்படுங்கள். எனக்கு அந்த வரிசை தலைகீழாகிவிட்டது.

"அவருகிட்ட வந்து நீங்களே சொல்லிடுங்கம்மா" என்றேன்.

புஷ்பம் தலையை ஆட்டி மறுத்தார். விலைச்சீட்டை நகத்தால் சுரண்டினார்.

"வேணாம் ஐயா. தெரியும்னு சொன்னா, ஆறு வருஷமும் அவருக்கு அசிங்கமாப் போயிரும். நீங்க சொன்னத நான் நம்பிட்டேன்னு சொல்லுங்க. இத இப்ப கடையில வாங்குனதா சொல்லிக் குடுங்க. கஞ்சியயும் நீங்களே கொண்டு போங்க, நான் நாளைக்கி வாரேன்."

குவளையையும் கஞ்சியையும் மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனேன். வழியில் எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணீரும் வந்தது. பக்கத்தில் இருந்த மலாய்க்கார அம்மா என்னைப் பார்த்துவிட்டுத் தள்ளி உட்கார்ந்தார்.

கல்லீரல் தேறியது. இரண்டாவது ரத்தமே இறங்குமுகமாக வந்தது, அடுத்தடுத்து வந்தவை இன்னும் நன்றாக இருந்தன. கடைசி ரத்தப் பரிசோதனைச் சீட்டை டாக்டரம்மா என் கையில் கொடுத்த நேரத்தில்தான் ஒரு மாதமாக நான் சரியாக மூச்சே விடவில்லை என்று தெரிந்தது. புது செட் வந்தது. நாலு தடவை தோற்றது என்று நான் தீர்ப்பு எழுதிய அதே சொட்டு மருந்தில் மூன்று வாரத்தில் வாய் முழுவதும் ஆறியது. அதற்குப் பிறகு நான் அந்தத் தோட்டத்தை விட்டு வரும் வரை அந்தப் புண் திரும்பவே இல்லை. பெரிய டாக்டரிடம் போய் என் 'ரெசிஸ்டன்ட்' கதையின் முடிவையும் சொன்னேன். அடுத்த முறை அவர் எனக்குப் பத்திரிகை கொண்டுவரவில்லை.

அண்ணனும் புஷ்பமும் இப்போது இல்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். இருவரும் இருந்த வரை நான் ஒருவரிடம் மற்றவரைப் பற்றி மூச்சு விடவில்லை.

பஸ்ஸில் போன அன்று சாயங்காலம் வார்டில் நான் குவளையை நீட்டியபோது, அண்ணன் என் முகத்தைத்தான் பார்த்தார்.

"நம்பிட்டாங்க அண்ணே. நான் சொன்னத அப்படியே நம்பிட்டாங்க."

அவர் நீளமாக ஒரு மூச்சு விட்டார். பிறகு யாரையும் சுற்றிப் பார்க்காமல், போர்வையால் மூடாமல், மேலும் கீழுமாக செட்டைக் கழற்றிக் குவளையில் போட்டு மூடினார். முகம் சட்டென்று சிறுத்து வயதானதாகிவிட்டது. ஆனால் அப்படிச் சிரித்து நான் அவரைப் பார்த்ததில்லை. என் பக்கம் குனிந்து, மனைவிக்காக மனம் உருகிச் சொன்னார்.

"பாவம் ஐயா அவ. ஒண்ணும் தெரியாது. யார் எதச் சொன்னாலும் நம்பிருவா."